பேரிங் சத்தம்

1856-ல் நாடிழந்து வந்த வாஜித் அலி ஷா, தும்ரி கேட்டு மனம் ஆறிய பகுதி இது. கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் என் மகன் போட்டதோ மெர்ஸ்பவ். 1979 முதல் இந்தப் பெயரில் இரைச்சலையே இசையாக்கி வரும் ஜப்பானியர் மஸாமி அகிதா, பழைய இரும்பைக்கூட வாத்தியமாக்கியவர். பாட்டு இல்லை, தாளம் இல்லை.

மனைவி கதவைச் சாத்தினாள். பக்கத்து வீட்டு வங்காளி, "மிக்ஸி ரிப்பேரா?" என்றார். நான் நிறுத்தச் சொன்னேன்.

அப்பா கையமர்த்தினார். கரக்பூர் பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் பேச்சே குறைந்துவிட்டது. கண்மூடிக் கேட்டவர், "இந்த இடத்துல பேரிங் தேயுது. மறுபடி போடுடா" என்றார். பேரன் போட்டான். பிறகு ஒரு மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு இன்னமும் அது இரைச்சல்தான். ஆனால் இப்போதெல்லாம் நிறுத்தச் சொல்வதில்லை.