பழைய உறுப்பும் புதிய வண்டியும்

கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்றொரு பந்தயத் தளம் இருக்கிறது. மோட்டார்ப் பந்தயத்தில் ஈடுபாடற்ற நம் குடும்பங்களுக்கு அது அறிமுகமான இடமன்று. ஆயினும் நம் சமுதாயத்துப் பிள்ளைகள் பொறியியற் கல்லூரிகளில் பெருவாரியாகப் பயிலும் இந்நாளில், அவ்விடத்தின் பெயர் நம் வீட்டு முற்றங்களிலும் அவ்வப்போது அடிபடுகிறது. ஃபார்முலா பாரத் என்னும் மாணவர் போட்டி நடக்கும் களம் அது. ஒற்றை இருக்கையுள்ள சிறு பந்தய வண்டியொன்றை மாணவரே வரைந்து, மாணவரே கட்டி, மாணவரே ஓட்டிக் காட்ட வேண்டும்.

இப்போட்டி முறையின் வேர் அமெரிக்காவில் உள்ளது. 1980களின் தொடக்கத்தில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் ஃபார்முலா எஸ்.ஏ.ஈ. என்ற பெயரில் தோன்றி, 1998இல் இங்கிலாந்துக்கும் 2006இல் ஜெர்மனிக்கும் பரவியது. மொத்த மதிப்பெண் 1000. வேகத்துக்கு மட்டும் பரிசு என்று எண்ணுவோர் ஏமாந்து போவர். வண்டியை ஏன் இவ்வாறு கட்டினீர் என்று நடுவர் கேட்கும் கேள்விகளுக்கும், செலவுக் கணக்குக்கும், வணிகத் திட்டத்துக்கும் மதிப்பெண் உண்டு. ஓட்டங்களில் பெரியது 22 கிலோமீட்டர் நீளும் தாங்குதிறன் ஓட்டம். நடுவழியில் ஓட்டுநர் மாறுவார். பல வண்டிகள் அங்கேதான் உயிரை விடுகின்றன.

ஆண்டுதோறும் புது வண்டி கட்டவேண்டும் என்பது விதி. ஆனால் புது வண்டி எனப்படுவது யாது? அடிச்சட்டம் புதிதாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதே இப்போட்டிகளின் பொது வழக்கு. இயந்திரம், சக்கரம், ஸ்டியரிங், பிரேக், ரேடியேட்டர் முதலியவற்றைச் சென்ற ஆண்டு வண்டியிலிருந்து கழற்றி எடுத்துப் பொருத்தத் தடையில்லை. ஆகவே ஒவ்வொரு கல்லூரிக் கொட்டகையிலும் ஆண்டுதோறும் ஒரு வழக்கு நடக்கிறது. எதை எடுப்பது, எதை விடுப்பது?

இயந்திரத்தைப் பொறுத்தவரை வழக்கு எளிது. மேலை நாட்டு அணிகள் பல, 600 சி.சி. அளவுள்ள நாற்சிலிண்டர் மோட்டார் சைக்கிள் இயந்திரத்தை ஆண்டது வழக்கம். நம் நாட்டு அணிகள் பல கே.டி.எம். 390 வண்டியின் 373 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் இயந்திரத்தை நாடுகின்றன. எந்த இயந்திரமாயினும், பெட்ரோலில் ஓடுவதாயின், அது சுவாசிக்கும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் செல்லவேண்டும். அந்தச் சிறு துளைக்கு ஏற்றவாறு எரிபொருளையும் தீப்பொறியையும் பழக்குவதற்கே மாதக்கணக்கில் உழைப்பு செல்கிறது. பழக்கிய குதிரையை விற்றுவிட்டுப் பழக்காத குதிரையை வாங்கி வருவானேன்? மூன்று நான்கு ஆண்டுகள் ஒரே இயந்திரத்தை வைத்துக்கொள்ளும் அணி அறிவுள்ள அணி என்பதே நம் கருத்து.

அத்தளத்தின் பெயரே இதற்கொரு சான்று. 1995இல் மறைந்த கோவை கரிவரதனின் நினைவாக அமைந்த பெயர் அது. அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி பந்தய வண்டி, நம் தெருக்களில் ஓடிய மாருதி 800இன் இயந்திரத்தைக் கொண்டே ஓடியது. கைக்கு எட்டியதைக் கொண்டு பந்தயம் நடத்தலாம் என்று ஒரு தலைமுறைக்குக் காட்டிய வண்டி அது.

பழையதை ஆளுதல் நமக்குப் புதிதன்று. பழைய இரும்புக் கடையைத் தமிழகம் முழுவதும் காயலான் கடை என்கிறார்கள். அச்சொல்லைக் காயல்பட்டினத்து வணிகரோடு சேர்த்துப் பேசுவது நம் வாசகர் அறிந்ததே. சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு காரைக் காலையில் கொண்டு நிறுத்தினால் மாலைக்குள் அது கதவாகவும் விளக்காகவும் கியர்ப் பெட்டியாகவும் பிரிந்து கடைகடையாகத் தொங்கும். எறியப்பட்டதில் பயனைக் காண்பது ஒரு கண். அந்தக் கண் நம்மவரிடம் நெடுங்காலமாக உண்டு. வீண் விரயம் மார்க்கத்தில் வெறுக்கப்பட்டது என்பதைச் சிறு வயதிலேயே உம்மாமார் சோற்றுத் தட்டின் முன் நமக்குக் கற்பித்துவிடுகிறார்கள்.

ஆனால் மற்றொன்றும் கற்பித்திருக்கிறார்கள். அமானிதம். பிறர் நம்பி ஒப்படைத்ததைக் கெடாமல் திருப்பித் தருதல். பந்தய வண்டியில் அமரப்போகிறவன் இருபது வயதுப் பையன். அவன் உடலைச் சூழ்ந்திருப்பது சில குழாய்கள். காலுக்கு முன்னால் இருப்பது ஒரு முட்டுத்தாங்கி. அவனை அவனுடைய பெற்றோர் கொட்டகைத் தோழர்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். விரயத்தைத் தவிர்க்கும் கடமையும் அமானிதத்தைக் காக்கும் கடமையும் எதிரெதிரே நிற்கும் இடம் இதுதான். இரண்டும் கடமையே என்பதால்தான் சிக்கல்.

நம் தங்கை மகன் பயிலும் கல்லூரியின் கொட்டகைக்குச் சென்ற ஆண்டு ஒருமுறை போயிருந்தோம். சக்கரத்தையும் வண்டியின் கைகளையும் இணைக்கும் அலுமினியத் தாங்கிகள் நான்கு மேசைமேல் இருந்தன. அப்ரைட் என்பது அவற்றுக்கு மாணவர் மொழி. முந்தைய வண்டியிலிருந்து கழற்றித் துடைத்து வைத்திருந்தார்கள்.

"பார்த்தீங்களா மாமா, புதுசு மாதிரியே இருக்கு. நாலையும் அப்படியே போட்டுட்டா ஒரு மாசம் மிச்சம்" என்றான்.

"எத்தனை கிலோமீட்டர் ஓடியது?" என்று கேட்டோம்.

"அது சீனியர் அண்ணன்மாருக்குத்தான் தெரியும். அவங்க படிப்பு முடிஞ்சு போயிட்டாங்களே."

"எங்கேனும் மோதியதா?"

பிள்ளை மறுமொழி சொல்லவில்லை. அருகில் நின்ற மற்றொரு மாணவன், பயிற்சியின்போது ஒருமுறை தடுப்பில் உரசியதாகக் கேள்வி என்றான். எந்தச் சக்கரம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

அணித்தலைவன் பொறுப்புள்ளவன். அன்றே சாயச் சோதனை செய்தான். சிவப்புச் சாயத்தைப் பூசிச் சற்றுநேரம் ஊறவிட்டு, மேற்பரப்பை நன்கு துடைத்தபின் வெண்பொடியைத் தெளித்தால், விரிசலுக்குள் ஒளிந்த சாயம் வெளியே கசிந்து கோடு போடும். மூன்று தாங்கிகள் வெண்மையாகவே இருந்தன. நான்காவதில், பேரிங் உட்காரும் குழியின் மூலையில், தலைமுடி போன்ற ஒரு சிவப்புக் கோடு மெல்லத் தோன்றியது. வெறுங்கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இருந்ததில்லை.

உலோகம் களைத்துப் போகும் என்பதை மனிதகுலம் உயிர்களை விலைகொடுத்தே அறிந்தது. 1842 மே 8ஆம் நாள் பிரான்சில் வெர்சேயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் இயந்திர அச்சு முறிந்ததில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளைத் திரும்பத் திரும்பச் சுழற்றி ஆராய்ந்தார். ஒருமுறை எளிதாகத் தாங்கும் சுமையையே இலட்சம் முறை ஏற்றினால் இரும்பு முறியும் என்று காட்டினார். 1954இல் காமெட் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறியதற்கும் உலோகச் சோர்வே காரணமென விசாரணை கண்டது. எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழ்ப்பட்ட சுமையைக் கணக்கின்றித் தாங்கும் என்பது பொதுவான கணிப்பு. அலுமினியத்துக்கு அத்தகைய வரம்பு இல்லை. சிறு சுமையாயினும் ஒவ்வொரு முறையும் அதன் ஆயுளிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போகிறது.

மாணவர் வண்டிதானே, எத்தனை தூரம் ஓடிவிடப் போகிறது என்று கேட்கலாம். வண்டியின் டயர் 45 சென்டிமீட்டர் விட்டமுள்ளது என்று கொள்வோம். 22 கிலோமீட்டர் ஓட்டத்தில் அது 15,000 முறைக்கு மேல் சுழலும். பயிற்சியாக 500 கிலோமீட்டர் ஓடியிருந்தால் 3,50,000 முறைக்கு மேல். சக்கரத்தோடு சுழலும் அச்சுக்கு ஒவ்வொரு சுழற்சியும் ஒரு வளைவு, ஒரு நிமிர்வு. சுழலாத தாங்கிக்குத் திருப்பமும் பிரேக்கும் குழியுமே கணக்கு.

ஆகவே ஓர் உறுப்பை ஏற்பதா மறுப்பதா என்பதை அதன் வயது தீர்மானிப்பதில்லை. அதைப்பற்றி நமக்கு என்ன தெரியும் என்பதே தீர்மானிக்கிறது. இதை எண்ணும்போது நபிமொழிக் கலையின் அறிவிப்பாளர் வரிசை நம் நினைவுக்கு வருகிறது. மார்க்க விஷயத்தை இரும்போடு ஒப்பிடுவதாக யாரும் கொள்ளவேண்டா. முறையை மட்டுமே சுட்டுகிறோம். செய்தி அழகாக இருக்கிறதென்று ஹதீஸ் கலை அறிஞர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்ததுண்டா, நினைவாற்றல் எத்தகையது என்று ஆராய்ந்தனர். அறிவிப்பாளர்களின் வாழ்க்கையைப் பதிவு செய்வதே தனிக் கலையாக வளர்ந்தது. வரிசையில் ஒருவர் விடுபட்டாலும் செய்தி வலுவிழந்தது. மேசைமேல் மின்னிய நான்கு தாங்கிகளுக்கும் வரிசை அறுந்திருந்தது. உறுப்பு இருக்கிறது, சாட்சி பட்டம் பெற்றுப் போய்விட்டார்.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த பெருமானார் (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே கேட்டிருப்பார்கள். மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்தது அக்குவியல். சாயச் சோதனை இரும்புக்குள் கைவிட்டுப் பார்க்கும் வேலை.

இதனால் புதியதெல்லாம் நல்லது என்று சொல்ல வருகிறோம் என எண்ணற்க. நேற்று வெல்டு செய்த உறுப்புக்கும் வரலாறு கிடையாது. அதுவும் முகமறியாத சாட்சியே. பணமுள்ள அணிகள் சில எல்லாவற்றையும் புதிதாகச் செய்யப் புகுந்து, போட்டிக்கு முந்தைய இரவு வரை வெல்டு செய்துகொண்டிருந்து, பத்துக் கிலோமீட்டர்கூட ஓட்டிப் பாராமல் களத்தில் இறங்குகின்றன. 200 கிலோமீட்டர் ஓடியது என்று எழுதி வைக்கப்பட்டு, கழற்றி அளக்கப்பட்டு, தேய்மானம் இல்லையெனக் கண்ட பழைய ஸ்டியரிங் பெட்டி அவர்களுடைய புதுப்பெட்டியைவிட நம்பத்தக்கது.

பழையதை எடுப்பதால் செலவு மதிப்பெண் கூடும் என்ற நம்பிக்கை மாணவரிடையே உண்டு. அது வீண். பழைய உறுப்பையும் இனாமாக வந்த உறுப்பையும் புதியதன் விலைக்கே கணக்கில் எழுதவேண்டும் என்பது இப்போட்டிகளின் வழக்கம். மிஞ்சுவது மாணவர் பையும் காலமுமே. வடிவமைப்பு நடுவரோ, சென்ற ஆண்டு இருந்தது, ஆகவே போட்டோம் என்னும் விடையை ஏற்பதில்லை. அளவும் ஆய்வும் காட்டினால் தலையசைக்கிறார்.

சில பொருள்களில் ஆராய்ச்சிக்கே இடமில்லை. இருக்கைப் பட்டையின் சீட்டில் தேதி அச்சிட்டிருக்கும். காலம் கடந்தால் நடுவர் வண்டியைக் களத்துக்குள் விடார். நைலான் வளையமுள்ள நட்டைக் கழற்றினால் குப்பைக்கே போகவேண்டும். அதன் விலை சில ரூபாய், அது கழன்றால் சக்கரம் போகும். கைகளின் நுனியிலுள்ள உருண்டை மூட்டுகள் ஆட்டம் கண்டால் அப்புறம் சரியாவதில்லை. டயர் சூடேறி ஆறி, சூடேறி ஆறிக் கெட்டிப்படுகிறது. பார்வைக்கு நல்லதாயினும் பிடிப்புப் போயிருக்கும். மூக்குப் பகுதியின் மோதல் தாங்கியோ நசுங்குவதற்கென்றே பிறந்தது. 300 கிலோ எடையுள்ள வண்டி நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் சுவரில் மோதினால் எழும் 7,350 ஜூல் ஆற்றலைத் தன்னை அழித்துக்கொண்டு விழுங்க வேண்டும். சோதனையில் நசுங்கிய துண்டை நடுவருக்குக் காட்டிவிட்டு, அதே போன்ற நசுங்காத ஒன்றை வண்டியில் பொருத்துகிறார்கள்.

விரிசல் கண்ட தாங்கியை நம் தங்கை மகனின் அணியினர் காயலான் கடைக்கும் அனுப்பவில்லை. அறுத்து இரண்டாக்கி, அடுத்த ஆண்டு வரும் இளையவர்க்குக் காட்டுவதற்காக அலமாரியில் வைத்தனர். மற்ற மூன்றும் விரிசலற்றவைதாம். வரலாறு தெரியாதவை என்பதால் அவற்றையும் பயிற்சி வண்டிக்கே ஒதுக்க மாணவர் சிலர் விரும்பினர். பயிற்சி வண்டியில் அமர்பவனும் மனிதனல்லவா என்று தலைவன் கேட்டதும் அப்பேச்சு நின்றது. நான்கும் புதிதாகக் கடையப்பட்டன. அதற்கு ஒரு மாதமும், பல வீடுகளிலிருந்து திரட்டிய பணமும் ஆயின.

ஒரு நீண்ட கணக்கு நோட்டும் வாங்கியிருக்கிறார்கள். ஒவ்வோர் உறுப்பிலும் எண் பொறித்து, ஒரு பக்கம் ஒதுக்கி, பொருத்தியவன் பெயர், நாள், ஓடிய தூரம், மோதல், கழற்றிப் பார்த்தபோது கண்டது ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். அடுத்த முறை நாம் போனபோது ஸ்டியரிங் பெட்டிக்கு அரைப் பக்கமும் இயந்திரத்துக்கு மூன்று பக்கமும் நிரம்பியிருந்தன. புதிய தாங்கிகளின் நான்கு பக்கங்களிலும் ஒவ்வொரு வரியே இருந்தது. ஓட்டுநர் யார் என்பது அன்றுவரை முடிவாகவில்லை; மூன்று பேர் போட்டியிட்டுக்கொண்டிருந்தார்கள், தங்கை மகனும் அவர்களுள் ஒருவன்.