அக்காவோட சலங்கை

நேத்து ராத்திரி பில்டு ஓடி முடியறதுக்குள்ள ஒரு பழைய செய்தி கண்ணுல பட்டுச்சு. 1952, கலிபோர்னியாவின் லாங் பீச்சில் நடந்த முதல் மிஸ் யுனிவர்ஸ் போட்டி. 1951-ன் மிஸ் அமெரிக்கா யோலாண்ட் பெட்பீஸ் நீச்சலுடையில ஊர் சுத்தி போஸ் கொடுக்க மாட்டேன்னுட்டாங்க. கடுப்பான நீச்சலுடை கம்பெனி கேட்டலினா தானே ஆரம்பிச்ச போட்டிதான் இது.

இந்தியா சார்பா போனவர் இந்திராணி ரஹ்மான். சென்னையில் பிறந்தவர், சொக்கலிங்கம் பிள்ளையிடம் பரதம் கற்றவர். அப்பவே கல்யாணமாகி குழந்தையும் உண்டு! பட்டம் ஃபின்லாந்தின் ஆர்மி கூசெலாவுக்குப் போச்சு. இவரோ அப்புறம் உலகமெல்லாம் போய் ஆடினார். அதே போட்டி பின்னாளில் கல்யாணமானவங்களுக்கும் அம்மாக்களுக்கும் கதவைச் சாத்திடுச்சு. மறுபடி திறந்தது 2023-ல்தான்.

எங்க அக்கா கல்யாணத்தோட சலங்கையைக் கழட்டி வச்சவ. யாரும் 'ஆடாதே'ன்னு சொல்லல. 'ஆடு'ன்னும் சொல்லல, நான் உட்பட. இன்னிக்கு அவளுக்கு போன் பண்ணணும்.