எங்கேயும் போகாத ரோடு

வண்டியில ஒரு கீறல்.
நேத்து ராத்திரி நிறுத்தும்போது இல்ல.

அரை மணி நேரமா தெருவையே சபிச்சுட்டு உள்ள வந்து ஃபோனைத் திறந்தா, பாலஸ்தீனக் கலைஞர் வேரா தமாரியோட படைப்பு ஒண்ணோட படம்.
நல்ல நேரம் பாத்து வந்துச்சு.

ரமல்லா, 2002.
இஸ்ரேல் ராணுவம் ஊருக்குள்ள நுழைஞ்சப்போ, தெருவுல சும்மா நின்ன கார்கள் மேலயும் டாங்கியை ஏத்திட்டுப் போயிருக்காங்க.
வேரா அந்த அப்பளமான கார்கள்ல சிலதைக் கொண்டுவந்து, பக்கத்து அல்-பிரேவுல ஒரு பள்ளிக்கூட மைதானத்துல புதுசா தார் ரோடு போட்டு, டிராஃபிக்ல நிக்கிற மாதிரி வரிசையா நிறுத்திட்டாங்க.
அந்த ரோடு எங்கேயும் போகாது.
தலைப்பு? 'ஒரு ரவுண்டு போலாமா'ங்கிற அர்த்தத்துல!

அப்போ அங்க ஊரடங்கு, கடைக்குப் போகவே நேரம் பாக்க வேண்டியிருந்துச்சு. அந்த ஊருல இப்படி ஒரு கேள்வி.
சிரிப்பு வந்துச்சு. உடனே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

கதை இன்னும் இருக்கு.
திறப்பு விழா முடிஞ்சு சனங்க வீட்டுக்குப் போனப்புறம் டாங்கிகள் திரும்ப வந்துச்சு. நசுங்கின கார்களை மறுபடி நசுக்குச்சு.
வேராவோட வீடு எதிர்லதான். அங்கிருந்தே வீடியோ எடுத்திருக்காங்க.
படைப்பை முடிச்சு வச்சதே டாங்கிதான்னு எனக்குத் தோணுது.

நானா இருந்தா வீடியோ எடுத்திருப்பேனா? கட்டிலுக்கு அடியில இருந்திருப்பேன்.
(கீறலை மட்டும் நாலு ஆங்கிள்ல படம் எடுத்தாச்சு. இன்சூரன்ஸ்!)

ஆனா ஒண்ணு மட்டும் மண்டையைக் குடையுது.
அந்த டாங்கி ஓட்டின பையன் அதை என்னன்னு நெனச்சிருப்பான்? கலைன்னு நெனச்சானா, இல்ல வழக்கமான டிராஃபிக்குன்னு நெனச்சானா?