சும்மா கிடப்பதற்கு மதிப்பெண்

பழகத் தெரியாதவள் என்று வீட்டில் பெயர் வாங்கியவள் நான். கல்யாணங்களில் பந்தி முடிந்ததும் கிளம்பிவிடுவேன். அப்படிப்பட்டவள்தான், உயிர்கள் ஒன்றோடொன்று பழகுவதன் காரணத்தை மூளைக்குள் தேடும் ஆய்வகத்தில், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்தேன். அங்கே போனால் பாதிப் பேர் என் ரகம். நன்றாகப் பழகத் தெரிந்தவர்கள் அதைப் பற்றி ஏன் மண்டையை உடைத்துக்கொள்ளப் போகிறார்கள்!

எங்கள் பிழைப்பு பிரெய்ரி வோல். அமெரிக்காவின் நடுப்பகுதிப் புல்வெளிகளில் வாழும், உள்ளங்கைக்குள் அடங்கும் எலி மாதிரியான பிராணி. பாலூட்டிகளில் மிகச் சிலவே செய்வதை இது செய்கிறது: ஒரே துணையோடு தங்கி, ஆணும் பெண்ணுமாகக் குட்டிகளை வளர்க்கிறது.

அந்தப் பிணைப்பை அளக்க மூன்று அறைப் பெட்டி ஒன்று உண்டு. ஒரு கோடியில் துணை, மறு கோடியில் அந்நிய வோல், இரண்டையும் கட்டிவைத்திருப்போம். நடுவில் விடப்படுவது மூன்று மணி நேரம் இஷ்டப்படி திரியலாம். அந்நியரிடம் போய் எவ்வளவு மோந்தாலும் எங்கள் கணக்கில் பெரிதாக ஏறாது. உடம்போடு உடம்பு ஒட்டிச் சும்மா கிடக்கும் நேரம்தான் கணக்கு. (கட்டிவைத்தவற்றின் விருப்பத்தை யாரும் குறிப்பதில்லை. விசா ஒரே வேலையிடத்தோடு பிணைந்திருந்த எங்களில் சிலருக்கு அதைப் பார்த்தால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.)

எனக்கோ அந்தக் கணக்கு பெரிய ஆறுதல். ஞாயிற்றுக்கிழமை அம்மா போனை அஞ்சறைப் பெட்டிமேல் சாய்த்து வைத்துவிட்டுக் காய் நறுக்குவாள். பேச்சு தீர்ந்ததும் நான் வைத்துவிடுவது வழக்கம். ஆய்வக வீடியோவில் வோல்களைப் பார்த்துப் பார்த்து, வைக்காமல் விட ஆரம்பித்தேன். அவள் நறுக்குவாள், நான் துணி மடிப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1994-இல் சூ கார்ட்டர், தாமஸ் இன்செல் முதலானோர் பெண் வோலின் மூளைக்குள் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனைச் செலுத்தியபோது, இணைசேராமலே அது ஆணோடு ஒட்டிக்கொண்டது. ஆக்ஸிடோசினின் ‘அன்பு ஹார்மோன்’ புகழுக்கு இந்த வோல்களும் ஒரு காரணம். 2023 ஜனவரியில் தேவானந்த் மனோலி, நிராவ் ஷா குழுக்களின் கட்டுரை வந்தது. ஆக்ஸிடோசின் ஏற்பியே இல்லாமல் பிறந்த வோல்களும் ஜோடி சேர்ந்தன, குட்டி போட்டன, பாலும் கொடுத்தன. ஆக்ஸிடோசினை நம்பியிருந்த எங்கள் வாராந்தரக் கூட்டம் அன்று துக்க வீடு. பிறவியிலேயே இல்லாததற்கு மூளை மாற்றுவழி தேடிக்கொண்டிருக்கும் என்று ஒருவர் வாதாடினார், நியாயமான வாதம்தான். எனக்கு மட்டும் உள்ளூரச் சந்தோஷம். ஒட்டியிருக்க ஒரே வழிதான் என்றில்லாமல் போனதில் ஒரு நிம்மதி. சம்பளம் வாங்கும் இடத்தில் அதை வெளியே சொல்ல முடியுமா?

சித்தியிடம் சொன்னேன். “பிரசவ வலி வரப் போடுவாங்களே, அந்த மருந்தா? நம்ம மருமகனுக்கு ஒண்ணு வாங்கி அனுப்பேன்டி” என்று முன்பு கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்.

“அது இல்லாமலேயே ஒட்டிக்குதாம் சித்தி.”

“அப்போ இத்தனை வருஷமா உங்களுக்கு எதுக்குடி சம்பளம்?”