வசுதேவர் கிண்ணமும் எங்க வீட்டு அலையும்



கிருஷ்ண ஜெயந்தி அன்னைக்கு ஒரு அம்மா வடநாட்டு யாத்திரையில வாங்கின பித்தளைக் கிண்ணத்தைக் கோயிலுக்குக் கொண்டு வந்திருந்தாங்க. உள்ளே வசுதேவர் குழந்தைக் கண்ணனைத் தூக்கிக்கிட்டு நிற்பார். தண்ணி ஊத்த ஊத்த யமுனை ஏறும். கண்ணன் பாதத்தைத் தொட்டதும் கிண்ணத்துத் தண்ணி மொத்தமும் அடியில இறங்கிடும். பிள்ளைங்க எப்படின்னு கேட்டாங்க, எழுதுறேன்னு சொல்லியிருந்தேன்.

சிலைக்குள்ள வளைஞ்ச குழாய் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. ஒரு முனை கிண்ணத்தோட அடிக்குப் பக்கத்துல திறந்திருக்கும், வளைவு பாதத்து உயரத்துல, மறுமுனை அடிப்பக்கம் வெளியே. தண்ணி வளைவைத் தாண்டாத வரைக்கும் ஒரு சொட்டும் போகாது. தாண்டிட்டா, பாதத்தோட நிக்காம கடைசி வரைக்கும் இழுத்துடும். காரணம் தெரிஞ்ச பிறகும் எனக்குக் கும்பிடத்தான் தோணுது, அது வேற விஷயம்.

அதே கிண்ணம் பெரிசா எங்க வீட்டு ஹால்ல ராத்திரி பகலா ஓடுது. லகாட்ல நம்ம வீட்டுப் பக்கம் போறவங்க "என்ன அண்ணே, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கக்கூஸ் ஃபிளஷ் சத்தம் கேக்குது?"ன்னு கேட்டது இதைத்தான்.

வீட்டுல நாலு அடி நீளக் கண்ணாடித் தொட்டியில பவளப்பாறை வளர்க்கிறேன். உப்புத் தண்ணி, சுமார் 250 லிட்டர். பார்த்தவங்க முதல்ல கேக்குறது, "செவ்வாய் தோஷத்துக்கு மோதிரம் செய்ய இதுல பவளம் எடுக்கலாமா?" முடியாதுங்க. மோதிரத்துப் பவளம் மத்தியதரைக் கடல் மாதிரி இடத்துல ஆழத்துல வளர்ற வேற சாதி. நம்ம தொட்டியில இருக்கிறது வெயில் கடல்ல பாறை கட்டுற சாதி. பார்க்கச் செடி மாதிரி, ஆனா உயிரினம். உடம்புக்குள்ளயே நுண்ணிய பாசியைக் குடிவச்சு, அது வெளிச்சத்துல சமைக்கிறதைத் தின்னு பிழைக்குது.

இதுக்குக் கால் கிடையாது. மூச்சுக்காத்தும் சாப்பாடும் தண்ணிதான் கொண்டு வரணும், கழிவையும் தண்ணிதான் எடுத்துட்டுப் போகணும். ஓட்டம் இல்லாத மூலையில அழுக்கு உட்காரும், அதுக்கு அடியில சதை அழுகும். அதுக்காக ஒரே பக்கமிருந்து விடாம பீய்ச்சி அடிச்சா, அந்தப் பக்கத்துச் சதை உரிஞ்சு வெள்ளை எலும்பு தெரியும். சிவலிங்கத்துக்கு மேல தாராபாத்திரம் ஒரே சீராச் சொட்டுறது அழகு. பவளத்துக்கு அது ஆகாது. கடல் வரும், போகும், கொஞ்சம் சும்மா இருக்கும், திரும்ப மோதும். அந்த முறைதான் அதுக்கு வேணும்.

கடையில வாங்கின அலை மோட்டார் ஒரு வருஷம் ஓடி நின்னுபோச்சு. புதுசு விலை கேட்டா மூணு நாள் சம்பளம். அதுக்குள்ள பின்மூலையில ரெண்டு துண்டு வெளுத்துடுச்சு. மிச்சத்தையாவது யாருக்காவது கொடுத்துடுங்கன்னு வீட்டுல சொல்லிட்டாங்க. தீபாவளி வரைக்கும் தவணை கேட்டேன்.

ஹவாய் தீவுகள்ல வைக்கிக்கி அக்குவாரியம்னு பழைய நிலையம் ஒண்ணு, 1904-ல திறந்தது. அதை நடத்தின புரூஸ் கார்ல்சன்னு ஒரு பவள நிபுணர் பேர்லயே ஒரு அலைத்தொட்டி இருக்கு. தொட்டிக்கு மேல ஒரு பீப்பாய், சின்ன பம்ப் அதை மெதுவா நிரப்பும், நிறைஞ்சதும் வளைகுழாய் மொத்தத்தையும் ஒரே மூச்சில கொட்டும். அசையுற பாகம் எதுவும் பீப்பாயில இல்லை. படத்தைப் பார்த்ததும் எனக்கு வசுதேவர்தான் ஞாபகம் வந்தார்.

செஞ்சது இப்படி. 25 லிட்டர் பிடிக்கிற, சாப்பாட்டுப் பொருள் வைக்கிற தரத்துப் பிளாஸ்டிக் பீப்பாய். அடியில ஓட்டை போட்டு ஒண்ணேகால் இஞ்சி பி.வி.சி. குழாய் நிமிர்த்தி வச்சேன். அதைச் சுத்தி மூடி போட்ட மூணு இஞ்சி குழாயைக் கவிழ்த்தேன், கீழ்விளிம்புல பள்ளம் வெட்டி. கிண்ணத்துல இருக்கிற வளைவுக்குப் பதில் இந்தக் கவிழ்த்த மூடி, வேலை அதேதான். பம்ப் மணிக்கு 700 லிட்டர். மூன்றாம் படிவத்தோட பள்ளிக்கூடத்தை விட்ட நம்ம கோயில் பையன் ஒருத்தன்தான் போனை வச்சு நேரம் பிடிச்சான். நிறைய ரெண்டு நிமிஷம் எட்டு வினாடி, கொட்ட 15 வினாடி. "அண்ணே, கொட்டும்போது மணிக்கு 6000 லிட்டர் வேகம் வருது"ன்னு அவனே கணக்குப் போட்டுச் சொன்னான். கணக்கு வராதுன்னு பள்ளிக்கூடத்துல பேர் வாங்கின பையன். ஒரு நாளைக்கு 600 அலை, சின்ன பம்ப் கரண்ட்ல.

சிக்கல் ஒரே இடத்துலதான். பம்ப் ரொம்ப மெதுவா நிரப்பினா தண்ணி குழாய் ஓரமா வழிஞ்சுக்கிட்டே இருக்கும், இழுவை பிடிக்காது. ரொம்ப வேகமா நிரப்பினா, பிடிச்ச இழுவை விடாது. உள்ளே வர்றதும் வெளியே போறதும் சமமாகி அலையே இருக்காது. அதனால நிமிர்ந்த குழாய் வாயில ரெடியூசர் வச்சு அகலமாக்கணும், கீழே ஒரு எல்போ போடணும், பம்ப் லைன்ல வால்வு வச்சுத் திருகித் திருகிப் பார்க்கணும். முன்வாசல்ல பச்சைத் தண்ணியிலயே ரெண்டு வாரம் ஓட்டிப் பார்த்துட்டுத்தான் ஹாலுக்குள்ள கொண்டு வந்தோம்.

செய்ய நினைக்கிறவங்க கவனிங்க. பித்தளை வால்வு, செம்பு எதுவும் தண்ணியில படக்கூடாது. கோயில்ல செம்புப் பாத்திரம் புனிதம், பவளத்துக்கு விஷம். 25 லிட்டர் கொட்டினா என் தொட்டியில நாலரை செண்டிமீட்டர் ஏறும். பீப்பாய் காலியா இருக்கும்போதும் தண்ணி விளிம்புக்குக் கீழே நிக்கிற மாதிரி அளவு வச்சிருக்கேன், அதனால கரண்ட் போனாலும் ஹால் நனையாது. உப்புத் திவலை பறக்கும். சுவிட்சு, பிளக்கு எல்லாம் தள்ளி இருக்கணும், ஈ.எல்.சி.பி. வேலை செய்யுதான்னு பட்டனை அமுக்கிப் பாருங்க.

நம்ம கோயில் பெரியவர் ஒருத்தர், "கடல்ல இருக்க வேண்டியதைக் கண்ணாடிக்குள்ள அடைக்கிறது பாவம் இல்லையாப்பா?"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி. கடல்ல பிடுங்கினதை நான் வாங்குறதில்லை. மத்தவங்க தொட்டியில வளர்த்து வெட்டின துண்டுதான். தமிழ்நாட்டுல மன்னார் வளைகுடாப் பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்திருக்காங்க. அங்க இருந்த 21 தீவுல ரெண்டு இன்னைக்குக் கடலுக்கு அடியில. 2001-லதான் பாறை கட்டுற பவளத்துக்குப் புலிக்குச் சமமான சட்டப் பாதுகாப்பு கொடுத்தாங்க. இங்கயும் 2010-ல கடல் சூடாகிப் பவளம் வெளுத்து, தியோமான், ரெடாங்ல முக்குளிக்கிற சில இடங்களைக் கொஞ்ச காலம் மூடினாங்க. நான் நாலு அடித் தொட்டி வைக்கிறதால அந்தக் கடல் பிழைச்சிடாதுன்னு எனக்கும் தெரியும், ஐயாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு நாலு அலை பார்த்துட்டு, "சரி, ஒழுங்காப் பார்த்துக்கோ"ன்னாரு.

தீபாவளித் தவணை முடிஞ்சு மூணு மாசம் ஆகுது. வெளுத்த ரெண்டும் திரும்பல. மிச்சம் பதினொண்ணும் நுனியில புதுசா வளருது.

மூணு இஞ்சி மூடி ரெண்டு, எல்போ நாலு மிச்சம் இருக்கு. பிள்ளைங்க யாருக்காவது வேணும்னா ஞாயிறு அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவுற இடத்துக்கு வாங்க, அங்கதான் இருப்பேன்.