பென்டிரைவில் மலையேறிய புழு

வத்தல்மலையில் எங்க வீட்டுப் பக்கம் டவரே எடுக்காது. நெட் இல்லாத இடத்துக்கு வைரஸ் எப்படி வரும்னு தெனாவெட்டா இருந்தேன். தருமபுரியில் பிரிண்ட் எடுக்கக் கொடுத்த பென்டிரைவில் ஏறி வந்துடுச்சு. ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்! செத்துப்போன ஆயா பாடின பாட்டு அதில் மட்டும்தான் இருந்தது.

"ஃபார்மட் பண்ணிடு"ன்னான் தம்பி. கை வரலை.

இந்தப் புழு ஃபைல்களை அழிப்பதில்லை; ஒளித்துவைத்து, அதே பெயரில் ஷார்ட்கட் போடும். அதை க்ளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், புழுவும் லேப்டாப்பில் இறங்கும். எனக்கும் இறங்கியிருந்தது. பென்டிரைவை மட்டும் துடைத்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலில் டாஸ்க் மேனேஜரில் ஓடிய ஸ்கிரிப்டை நிறுத்தி, ஸ்டார்ட்டப்பில் இருந்ததை அழித்தேன். பிறகு பென்டிரைவில் ஷார்ட்கட்களை நீக்கி, அட்ரிப் கட்டளை கொடுத்தேன்.

2010-இல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட்டும் பென்டிரைவில் பரவிய புழுதான். இந்தியக் கணினிகளிலும் இருந்தது.

ஆயா பாட்டு இப்போ மூணு இடத்தில் இருக்கு.