ஒலி ஒன்று, பொருள் வேறு



நம் பிள்ளைகள் பேசும் ஆங்கிலம், நாம் பள்ளிக்கூடத்தில் கற்ற ஆங்கிலம் அன்று. வெளிநாட்டில் வளரும் பேரன் பெருநாளன்று கைபேசித் திரையில் பிரியாணிச் சட்டியைப் பார்த்து 'சிக்' என்கிறான். பிள்ளைக்கு உடம்புக்கு முடியவில்லை போலும் என்றெண்ணி உம்மம்மா துஆச் செய்யத் தொடங்கிவிடுகிறார். அவன் சொன்னதோ 'வெகு அருமை' என்பதைத்தான். ஜும்ஆவுக்குப் புறப்படும் வேளையில் மகன் 'நோ கேப்' என்றால், தொப்பி வேண்டாம் என்கிறானோ என்று வாப்பாவுக்குக் கோபம் வருகிறது. இளையோர் வழக்கில் 'கேப்' என்றால் பொய். 'நோ கேப்' என்றால் 'பொய்யில்லை, உண்மைதான்' என்று பொருள்.

ஆங்கிலம் இவ்வகையில் வியப்பான மொழி. 'பிரே' என்று ஒலிக்கும் இரு சொற்களில் ஒன்று பிரார்த்திப்பது; மற்றொன்று வேட்டை விலங்கின் இரை. 'சோல்' என்பது ஆன்மாவும் ஆகும். செருப்பின் அடித்தோலும் ஆகும். இறைத்தூதரைக் குறிக்கும் சொல்லும் வியாபார இலாபத்தைக் குறிக்கும் சொல்லும் எழுத்தில் வேறுபட்டாலும் காதுக்கு ஒன்றாகவே கேட்கின்றன. காலமும் பொருளை மாற்றுகிறது. இன்று 'இனிய' என்னும் பொருள் தரும் 'நைஸ்', முற்காலத்தில் அறிவிலியைக் குறித்தது. 'அசட்டுத்தனம்' என்று இன்று பொருள்படும் 'சில்லி', ஒரு காலத்தில் பாக்கியம் பெற்றவரைக் குறித்த சொல். ஆகவே, சொற்களின் பொருளைப் பிள்ளைகள் புரட்டுவது புதுமையும் அன்று; அதுவே குற்றமும் அன்று.

அப்படியானால் ஒரு முஸ்லிம் குடும்பம் இதில் எதைக் கவனிக்க வேண்டும்? திருக்குர்ஆனின் 2:104ஆம் வசனம் இதற்கு வழிகாட்டுகிறது. நபி (ஸல்) அவர்களிடம் தோழர்கள் 'ராஇனா' என்று சொல்லி வந்தார்கள். எங்களைக் கவனியுங்கள் என்பது அதன் பொருள். தீய எண்ணம் கொண்ட சிலர் அதே சொல்லை நாவை வளைத்து உச்சரித்து ஏளனமாக்கினார்கள் என்று விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். அச்சொல்லை விட்டுவிட்டு 'உன்ளுர்னா' என்று சொல்லுமாறு அல்லாஹ் நம்பிக்கையாளர்களுக்குக் கட்டளையிட்டான். தோழர்களின் எண்ணம் தூய்மையானதே; ஆயினும் இழிவுக்கு இடமளிக்கும் சொல் மாற்றப்பட்டது. எண்ணம் நல்லதாய் இருந்தால் மட்டும் போதாது, சொல்லும் நல்லதாய் இருக்க வேண்டும் என்பது நமக்கு இதிலுள்ள பாடம்.

மற்றொரு நிகழ்வும் நாம் அறிந்ததே. சிலர் நபியவர்களிடம் வந்து, ஸலாம் கூறுவதுபோல 'அஸ்ஸாமு அலைக்கும்' என்றார்கள். அதன் பொருள், உங்கள் மீது மரணம் உண்டாகட்டும் என்பது. அன்னை ஆயிஷா (ரலி) அதைப் புரிந்துகொண்டு கடுமையாகப் பதிலடி கொடுத்தார்கள். நபியவர்களோ, எல்லாக் காரியங்களிலும் அல்லாஹ் மென்மையையே விரும்புகிறான் என்று அவரை அமைதிப்படுத்தினார்கள். தாம் 'வஅலைக்கும்' என்று மட்டுமே மறுமொழி சொன்னதையும் எடுத்துரைத்தார்கள். ஒரேயொரு லாம் எழுத்து மறைந்தால் சாந்தி மரணமாகிவிடுகிறது. அவசரத்தில் ஸலாத்தை விழுங்கிச் சொல்லும் நம் நாவுகளுக்கும் இது எச்சரிக்கை அல்லவா?

இன்று நம்மை அதிகம் கவலைகொள்ளச் செய்வது 'சிக்' அன்று, 'வல்லாஹி' என்னும் சொல்தான். இலண்டன் தெருக்களில் முஸ்லிம் அல்லாத இளைஞர்களும் 'சத்தியமாக' என்னும் பொருளில் அதை வெகு இயல்பாகப் பேசுகிறார்கள். அது நம் பிள்ளைகளிடம் குழூஉக்குறியாகத் திரும்பி வருகிறது. கால்பந்துக்கும் 'வல்லாஹி', வீட்டுப்பாடத்துக்கும் 'வல்லாஹி'. வாய்தவறி வரும் சத்தியங்களுக்காக அல்லாஹ் குற்றம் பிடிப்பதில்லை. உறுதியோடு செய்த சத்தியத்தை முறித்தாலோ பரிகாரம் உண்டு என்று 5:89ஆம் வசனம் கூறுகிறது. பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ அளிக்க வேண்டும், அல்லது ஓர் அடிமையை விடுவிக்க வேண்டும்; இயலாதவர் மூன்று நாள் நோன்பு நோற்க வேண்டும். அதே வசனம் சத்தியங்களைப் பேணிக்கொள்ளுமாறும் பணிக்கிறது. இத்தனை கனமுள்ள சொல் விளையாட்டுச் சொல்லாகிவிட்டால், மெய்யாகவே சத்தியம் செய்ய வேண்டிய நாளில் பிள்ளையின் கையில் என்ன சொல் மிஞ்சும்?

எங்கள் வீட்டில் புதுச்சொல் ஒன்று காதில் விழுந்தால், அதட்டுவதற்கு முன் "அதற்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்கிறோம். பெரும்பாலும் சிரிப்பில் முடிகிறது. சில வேளைகளில் பிள்ளைக்கே பொருள் தெரிவதில்லை. கைபேசியில் தட்டும் மூன்றெழுத்துச் சுருக்கத்துக்குள் ஆபாசச் சொல் ஒளிந்திருப்பதை அறிந்ததும், எங்கள் மகள் தானாகவே அதை விட்டுவிட்டாள். ஒருவருடைய நிறத்தையோ உடலையோ குறித்துக் கேலிசெய்யும் பட்டப்பெயர் எந்த மொழியில் வந்தாலும் அதை நாங்கள் அனுமதிப்பதில்லை. பட்டப்பெயர் சூட்டுவதை 49:11ஆம் வசனம் தடுத்திருக்கிறது. மற்றபடி 'சிக்' என்றாலும் சரி, 'நோ கேப்' என்றாலும் சரி, நாங்களும் கற்றுக்கொள்கிறோம். பொருள் கேட்டறியாமல் திட்டினால், பிள்ளைகள் அச்சொற்களை விடமாட்டார்கள். நம் முன்னே பேசுவதைத்தான் விட்டுவிடுவார்கள்.

நம் நாவுகளையும் நம் சந்ததிகளின் நாவுகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக! நல்லதைப் பேசவும், கேட்பதைப் பொறுமையோடு புரிந்துகொள்ளவும் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.